மேலத்தெருப் பெரியவருக்குக் கொட்டை எழுத்து

என்னடே மருமவனே, மூஞ்சியில ஈயாடலை? கோயில் சேகரக் கமிட்டிக்கு வந்து ஒரு அசன விருந்துதான் முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள ராஜினாமாக் கடுதாசியா? இப்படித் திண்ணையில உக்காரு. அத்தைகிட்ட கருப்பட்டிக் காப்பிக்குச் சொல்லியிருக்கேன். குடிச்சிட்டு அப்புறமா ஊரைத் திருத்தலாம்.

மேலத்தெருப் பெரியவர்தான? தெரியும். அசனக் கணக்கை நீ வாசிக்கையில நடுவுல எந்திரிச்சிட்டாராக்கும். வாழையிலைக் கட்டு எத்தனை, அதுல கிழிசல் எத்தனை, விறகை எடை போட்டு வாங்கினீயளா கண்மதிப்புக்கு வாங்கினீயளான்னு கேட்டாராக்கும். நீயும் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னியாம். உங்க அத்தை வந்து சொன்னா, "பல்லு மட்டுந்தான் சிரிச்சுது, தாடை நறநறன்னு அரைச்சுக்கிட்டு இருந்துது"ன்னு. பொம்பளையாளுவ உக்காந்திருக்க பக்கத்துல இருந்து பாத்தா எல்லாம் பளிச்சுன்னு தெரியும்போல.

அவரு இன்னிக்கு நேத்தா அப்படி இருக்காரு? நான் கோயில்பிள்ளையா மணி அடிச்ச காலத்துலயே இதே கூத்துதான். முதல் மணியைப் பிந்தி அடிச்சேம்பாரு, ரெண்டாம் மணியை முந்தி அடிச்சேம்பாரு. நான் கயித்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கையிலயே கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரா நீட்டுவாரு. அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி ஓடுத கடிகாரம். அதை நான் அவருகிட்டச் சொன்னதே இல்லை. ஏன்னு கேக்கியா? சொல்லியிருந்தா, வீட்டுல போயி அதைச் சரியா வச்சுக்கிட்டு வந்து கேள்வி கேட்டிருப்பாருல்லா.

அது கெடக்கட்டும். அதுக்கப்புறம் நீ ஒரு காரியம் பண்ணியிருக்கியே, அதுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்துல செபக்குறிப்பு குடுத்தியாமே. சபையோட ஐக்கியத்துக்கு இடறலா இருக்கிற ஒரு மூத்த சகோதரருக்காகப் பாரத்தோட செபிப்போம்னு. பேரைச் சொல்லலையாம், உன் பெருந்தன்மையே பெருந்தன்மை! மூத்தவர், மேலத்தெரு, கைக்கடிகாரம்னு மூணு அடையாளம் மட்டும்தான் சொன்னியாம். மத்ததை ஆவியானவர் வெளிப்படுத்துவாருன்னு விட்டுட்ட. கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டுததுக்குள்ள வெளிப்படுத்திட்டாரே. பெரியவரோட மருமவ காதுக்கே விசயம் போயாச்சு.

அது செபம் இல்லடே, மனு. கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமைதோறும் வரிசையில நின்னு குடுக்குதாவளே, அதே மனு. 'மேற்படி எதிரி என்பவர்'னு ஆரம்பிக்கிறதுக்குப் பதிலா 'அன்பின் பரலோகப் பிதாவே'ன்னு ஆரம்பிச்சிருக்க, அவ்வளவுதான் வித்தியாசம். 'அவரைத் தொடும் ஆண்டவரே'ன்னு உருகிக் கேட்டியாமே, எப்படித் தொடணும்னு உன் மனசுல ஒரு படம் ஓடியிருக்குமே, அதைக் கொஞ்சம் சொல்லு கேப்போம். லேசாத் தொடணுமா, இல்லை எலும்பு டாக்டருகிட்டத் தூக்கிட்டுப் போற மாதிரித் தொடணுமா?

முறைக்காதே. இந்தச் சேகரத்துல பாதிச் செபம் அப்படித்தான் போவுது. நான் பின்வரிசைக்காரன். முன்னால இருக்கவங்க கண்ணை மூடிக்கிடுவாங்க. கோயில்பிள்ளை மட்டும் ஆடு உள்ள வந்துரக்கூடாதுன்னு கண்ணைத் திறந்தே வச்சிருக்கணும். யாரு செபிக்கையில யாரு தோளு குலுங்குதுன்னு எனக்குத்தான் தெரியும்.

யோனாவை எடுத்துக்கோ. நினிவேக்குப் போகமாட்டேன்னு கப்பலேறி, மீன் வயித்துக்குள்ள கெடந்துட்டு, அப்புறம் போயி பிரசங்கம் பண்ணாரு. ஊரே மனந்திரும்பிருச்சு. எந்தப் பிரசங்கிக்கு அப்படி வாய்க்கும்? நம்ம ஐயருக்கு வாய்ச்சிருந்தா அடுத்த மாசச் சபைப் பத்திரிகையில முழுப்பக்கம் போட்டோ போட்டிருப்பாரு. யோனா என்ன செஞ்சாரு? கோவிச்சுக்கிட்டு ஊருக்கு வெளியே போயி உக்காந்துட்டாரு, இவனுவ திருந்திட்டானுவளேன்னு! ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல உள்ள ஊரு பிழைச்சதுல சந்தோசம் இல்லை. ராத்திரியில முளைச்ச ஆமணக்குச் செடி வாடிப்போச்சேன்னுதான் வருத்தம். கதை அந்த இடத்துலயே நின்னுருது. யோனா எந்திரிச்சு வந்தாரா, அங்கேயே உக்காந்திருந்தாரான்னு வேதத்துல இல்லை. அவரு நம்ம கமிட்டியிலதான் உக்காந்திருக்காரோன்னு எனக்கு அப்பப்போ சந்தேகம் வருது.

உன்னை ஒண்ணு கேக்கேன், பட்டுன்னு பதில் சொல்லு. நாளைக்குக் காலையில மேலத்தெருக்காரர் தங்கமான மனுசனா மாறிட்டா உனக்கு நிம்மதியா இருக்குமா, கை உடைஞ்ச மாதிரி இருக்குமா? ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தா உன் பெஞ்சாதிகிட்டப் பேச வேற என்னடே இருக்கு உனக்கு? அந்த மனுசன் உனக்கு ஊறுகா மாதிரி. அவரு இல்லாம உனக்குச் சோறு இறங்குமா?

சரி, சிரிச்சுட்டல்லா. இனிமே காரியத்துக்கு வருவோம்.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு அவரு என்ன பண்ணுதாருன்னு பாத்திருக்கியா? நீ எங்க பாக்க, பைக்கை எடுக்கத்தான் உனக்கு நேரம் சரியா இருக்கும். வடக்கு வாசல்கிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீ வரவு செலவு ஒட்டியிருக்கியே, கம்ப்யூட்டர்ல அடிச்சு, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துல. அதுக்கு முன்னால போயி நிப்பாரு. மூக்கு கண்ணாடியில முட்டும். வெயிலு எதிரடிக்குதுன்னு வேட்டி நுனியைத் தூக்கி மறைச்சுக்கிடுவாரு. ஒரு விரலை வச்சு ஒவ்வொரு வரியா இழுத்துக்கிட்டு, உதட்டை அசைச்சு அசைச்சுப் படிப்பாரு. மூணா எட்டான்னு தெரியாம ஒரே இடத்துல விரல் நிக்கும். போன தடவை எட்டாயிரம் எங்க போச்சுன்னு கத்தினாருல்லா, அது மூவாயிரம்தான். ஒரு கண்ணுக்குப் புரை ஆபரேசன் ஆயிட்டுது. இன்னொரு கண்ணுக்கு இன்னும் ஆகலை.

உடனே 'ஐயோ பாவம், கண்ணு தெரியாமத்தான் கத்துதாரு'ன்னு உருகிராதே. கண்ணு நல்லாத் தெரிஞ்ச காலத்துலயும் கத்தினாரு. அதுக்கு நான் சாட்சி, என் மணிக்கயிறு சாட்சி. ஒவ்வொரு கடுவாப்பயலுக்கும் பின்னால ஒரு கண்ணீர்க்கதை இருக்கும், அதைக் கண்டுபிடிச்சுட்டா மனசு இளகிரும்னு பிரசங்கத்துல சொல்லுதாங்க. கதை இருந்தா நல்லதுதான். இல்லாட்டி? சும்மாவே சிடுசிடுன்னு இருக்கவன் எத்தனை பேரு இருக்கான்! கதை இருக்கவனுக்கு மட்டுந்தான் இரக்கம்னா, நாம கதை கேட்டுட்டுக் கூலி குடுக்கோம்னுதான அர்த்தம்?

நீ செய்ய வேண்டியது இதுதான். அடுத்த வரவு செலவை ஒரு பெரிய தாளுல கொட்டை எழுத்துல எழுது. கம்ப்யூட்டர் வேண்டாம், கருப்பு மையில கையாலயே எழுது. பண்டிகைக்கு முன்னாலயே கொண்டுபோயி அவரு கையில குடு. "தாத்தா, பாத்து வையுங்க, கூட்டத்துல கேளுங்க"ன்னு சொல்லிட்டு வந்துரு. அங்க உக்காந்து வேதம் வாசிக்காதே, செபிக்கட்டுமான்னு கேக்காதே, போட்டோ எடுத்து வாட்சப்ல போடாதே.

என்ன முழிக்க? குத்தம் கண்டுபிடிக்க நாமளே வசதி செஞ்சு குடுக்கணுமான்னுதான? ஆமா. அவரு நல்லவரா ஆனபிறகு அவருக்கு நல்லது செய்ய எவனும் செய்வான். அவரு கேள்வி கேக்குத ஆளு. அந்த ஆளுக்கு அந்த ஆளாவே ஒரு உபகாரம் செய்யி. அவரு திருந்தணும்னு செஞ்சா அது இரக்கம் இல்லை, வைத்தியம். மருந்து வேலை செய்யலைன்னா வைத்தியனுக்குக் கோவம் வரும். உனக்குக் கோவம் வரக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்.

கணக்கு கேக்கதையும் அவ்வளவு கேவலமா நினைக்காதே. பன்னெண்டு பேருல பணப்பை யாரு கையில இருந்துது? யூதாசு கையில. இயேசு சாமி காலுல ஒருத்தி தைலத்தை ஊத்திட்டாளே, முன்னூறு பணத்துக்கு வித்திருக்கலாமேன்னு கணக்கு கேட்டவனும் அவன்தான், பையில கையை விட்டவனும் அவன்தான். அதனால கேக்கவன் எல்லாம் யோக்கியனும் இல்லை, பதில் சொல்லுதவன் எல்லாம் யோக்கியனும் இல்லை. நான் பொதுவாத்தான் சொல்லுதேன், நீ ஏன் காப்பியைப் பிடிச்சுக்கிட்டு இருமுத? அந்த யூதாசு காலையும் சேத்துத்தான் கடைசி ராத்திரி இயேசு சாமி கழுவினாரு. அவன் என்ன செய்யப்போறான்னு தெரிஞ்சேதான் கழுவினாரு. கழுவின பிறகு அவன் திருந்தினானா? எந்திரிச்சு இருட்டுக்குள்ள போயிட்டான். பெரிய வியாழன்தோறும் ஐயரு தேர்ந்தெடுத்த பன்னெண்டு பேரு காலைக் கழுவுதாருல்லா, அதுக்கு வாரவங்க வீட்டுலயே லைஃபாய் போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வாராங்க. அழுக்குக் காலோட ஒருத்தன் வந்து உக்காந்தா என்ன ஆகும்னு பாக்க எனக்கு ரொம்ப நாளா ஆசை.

அப்புறம், கடினமான ஆளு, கடினமான ஆளுன்னு சொல்லுதியே, யாருக்குக் கடினம்? பாளையங்கோட்டையில ஊசிக்கோபுரத்துக் கோயிலுக்குப் போயிருக்கல்லா. 1826-ல அந்தக் கோயிலைக் கட்டின ரேனியஸ் ஐயரைத் திருநெல்வேலி அப்போஸ்தலர்னு கொண்டாடுதோம். 1820-ல இந்தச் சீமைக்கு வந்த ஜெர்மன்காரரு. ஊரு ஊராச் சபை கண்டாரு. தொந்தரவுக்குப் பயந்து ஓடிவந்த சனங்களுக்கு நிலம் வாங்கிக் குடுக்க சங்கம் வச்சாரு. அவரைச் சம்பளம் குடுத்து அனுப்பின லண்டன் சங்கத்தைப் போயிக் கேட்டா, 'அந்த ஆளா? ஒத்து வராத ஆளுல்லா'ன்னு சொல்லியிருப்பாங்க. இங்கிலாந்து சபை ஒழுங்கைக் குறை சொல்லி எழுதினாருன்னு 1835-ல நீக்கிட்டாங்க. ஐயரு ஊரைவிட்டுப் போனாரு. இங்க இருந்த உபதேசிமாரு விடுவாங்களா? வாங்கன்னு கூப்பிட்டாங்க, திரும்பி வந்தாரு. சபை ரெண்டு பங்கா நின்னுது. 1838-ல அவரு இறந்த பிறகுதான் பெரும்பாலும் ஒண்ணு சேந்துது. நாசரேத்துப் பக்கம் பிரகாசபுரத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர். வெள்ளைக்கார மிசனெரிமாரோட ஒத்துவராம 1857-ல தனிச் சபையே தொடங்கி, சனிக்கிழமை ஆராதனை வச்சாரு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? ஐயரு வீட்டு அலமாரியைத் தூசி தட்டுதது என் வேலை. தட்டுதவன் புரட்டாமலா இருப்பான்?

ரேனியஸ் ஐயரும் மேலத்தெருக்காரரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. இவரு இதுவரை கட்டினது அவரு வீட்டுத் தண்ணித்தொட்டி ஒண்ணுதான், அதுவும் ஒழுகுது. ஆனா நம்ம காதுக்கு எரிச்சலா இருக்கவன் எல்லாம் கர்த்தருக்கும் எரிச்சலா இருப்பான்னு நீயா முடிவு கட்டிராதே.

இன்னொரு சூட்சுமம் இருக்கு, அதுலயும் நம்மாளுவ கெட்டிக்காரங்க. எதிரிக்குச் சோறு போட்டா அவன் தலையில நெருப்புத் தழலைக் குவிச்ச மாதிரின்னு கேள்விப்பட்டிருப்பியே. நம்மூர்ல சில பேரு அந்தத் தழலுக்காகவே சோறு போடுதாங்க. போடுதப்பவே குனிஞ்சு பாப்பாங்க, தலையில புகை வருதான்னு. கிறிஸ்மசுக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் தட்டுல வச்சுக் குடுத்தனுப்பிட்டு, 'நான் குடுத்தேன், அவ தட்டைக்கூட திருப்பித் தரலை'ன்னு தை மாசம் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. அது முறுக்கு இல்லடே, வட்டிக்கு விட்ட காசு.

தாவீது ராசாவே இதுல வழுக்கினாருன்னு எனக்கு ஒரு எண்ணம். சீமேயின்னு ஒருத்தன் ராசா மேல கல்லை விட்டெறிஞ்சு, புழுதியைத் தூத்தி, வாய்க்கு வந்தபடி ஏசினான். தலையை வாங்கட்டுமான்னு அபிசாயி கேட்டான். வேண்டாம், ஏசட்டும்னு ராசா விட்டாரு. அடடா, எவ்வளவு பெரிய மனசுன்னு நாம உச்சுக்கொட்டுதோம். சாகப்போற நேரத்துல சாலொமோனைக் கூப்பிட்டு, அந்தச் சீமேயி இருக்கானே, அவனைச் சும்மா விட்டுராதேன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு. வாயை அடக்கினாரு, பேரேட்டைக் கிழிக்கலை. ராசாவுக்கே அப்படின்னா, கமிட்டி மெம்பரு நீ எம்மாத்திரம். உன் போன்ல மேலத்தெருக்காரர் பேரை என்னன்னு பதிஞ்சு வச்சிருக்க? காட்டு பாப்போம். வேண்டாமா? சரி.

இதையெல்லாம் சொன்னதும் நீ இன்னொரு கோடிக்குப் போயிரக்கூடாது. இரக்கம்னா கதவைக் கழட்டி வச்சுட்டு உக்காருததுன்னு ஒரு கூட்டம் அலையுது. நல்ல சமாரியன் என்ன செஞ்சான்? காயத்தைக் கட்டினான், தன் மிருகத்து மேல ஏத்தினான், சத்திரத்துல ஒரு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரன் கையில ரெண்டு பணத்தைக் குடுத்துட்டு, மேக்கொண்டு செலவானா வாரப்போ தாரேன்னு சொல்லிட்டு, தன் சோலியைப் பாக்கப் போயிட்டான். அடிபட்டவனைத் தன் வீட்டுலயே குடி வச்சான்னு எங்கயும் இல்லை. பவுலும் பர்னபாவும் மாற்கு விசயத்துல முட்டிக்கிட்டு, பர்னபா சீப்புரு தீவுக்கும் பவுல் சீரியாவுக்குமா ஆளுக்கொரு திசையில போனாங்க. அந்த மாற்கையே பின்னால கூட்டிக்கிட்டு வான்னு பவுல் எழுதினாரு. நடுவுல எத்தனையோ வருசம் ஆச்சு. அதனால ஆளைக் கண்டா கொதிக்குதுன்னா, கொஞ்ச நாள் அந்தப் பக்கமாப் போகாதே. கொட்டை எழுத்துத் தாளை உன் மவன்கிட்டக் குடுத்தனுப்பு. பரலோகத்துல வருகைப் பதிவேடு வைக்கதாகத் தெரியலை.

இதுல எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒண்ணு இருக்கு. கீழத்தெருவுல ஒரு பொண்ணு, புருசன் குடிச்சிட்டு வந்து அடிக்கான்னு கண்ணு வீங்கிப்போய் வந்து நின்னா. நம்ம பெரிய மனுசிமாரு நாலு பேரு சுத்தி உக்காந்து, "சிலுவையைச் சுமக்கணும்மா, பொறுத்துக்கோ, உன் அன்பால அவன் மாறுவான்"னு புத்தி சொன்னாவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மணியை அடிச்சு ஊரைக் கூட்டியிருப்பேன். சிலுவை சுமக்கச் சொல்லுதவன் முதுகுல முதல்ல ரெண்டு விழட்டும், அப்புறம் பேசட்டும். அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டியது 181-க்குப் போன் போடும்மா, உன் அம்மா வீட்டுக்குப் போம்மா, நாங்க துணைக்கு வாரோம்னு. வீட்டுல பொம்பளையை அடிக்கதுக்கு எதிரா 2005-லயே சட்டம் வந்தாச்சு. அவன் மேல இரக்கப்படணுமா? படு. அவனைக் குடி நிறுத்துத இடத்துக்கு நீ கூட்டிட்டுப் போ, வாசல்ல நீ காவல் இரு. அடி வாங்குதவ கணக்குல உன் இரக்கத்தை எழுதாதே.

அபிகாயிலைப் பாரு. புருசன் நாபால், மூவாயிரம் ஆடும் ஆயிரம் வெள்ளாடும் வச்சிருந்த பணக்காரன், முரடன், வாயைத் திறந்தா வசவு. தாவீது ஆளுவ கேட்ட சோத்துக்கு வசவைக் குடுத்து அனுப்பிட்டான். தாவீது நானூறு பேரோட பட்டயத்தைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. இவ என்ன செஞ்சா? இருநூறு அப்பம், ரெண்டு துருத்தி ரசம், சமைச்ச அஞ்சு ஆடு, வறுத்த பயறு, திராட்சை வத்தல், அத்திப்பழ அடைன்னு கழுதை மேல ஏத்திக்கிட்டு எதிர போயி வீட்டையே காப்பாத்தினா. புருசன்கிட்ட அனுமதி கேட்டாளா? மூச்சு விடலை. திரும்பி வந்து பாத்தா ஆளு குடிச்சு வெறிச்சுக் கெடக்கான், அப்பவும் வாயைத் திறக்கலை. பொழுது விடிஞ்சு தெளிஞ்ச பிறகுதான் சொன்னா. முரடன்கிட்ட எதைச் சொல்லணும்னு தெரிஞ்சா மட்டும் போதாது, எப்பச் சொல்லணும்னும் தெரியணும். நம்ம கமிட்டியில அவளை மாதிரி ஒரு பொம்பளை இருந்தா நான் வீட்டுலயே நிம்மதியாப் படுத்துக் கெடப்பேன்.

மேலத்தெருக்காரர் விசயத்துல அடியும் இல்லை, பட்டயமும் இல்லை. வாழையிலைக் கணக்குதான். அதுக்குப் போயி ராஜினாமா எழுதினா ஊரு சிரிக்கும். வாரப் பண்டிகைக்கு அசனப் பந்தியில அவருக்கு எதிர்ல நீ பரிமாறப் போகாதே. வாளியோட உன்னைக் கண்டா, குழம்புல கறி எத்தனைன்னு எண்ணுவாரு. வேற ஆளைவிட்டு நல்லி எலும்பா ஒண்ணு பாத்து வைக்கச் சொல்லு. யாரு வைக்கச் சொன்னான்னு சொல்ல வேண்டாம்னும் சொல்லிரு. அவரு கறி வேகலைன்னுதான் சொல்லுவாரு. போன தடவை நிசமாவே வேகலை, அதை இந்த ஊர்ல வாயைத் திறந்து சொன்ன ஒரே மனுசன் அவருதான். நாங்க எல்லாரும் சபை ஐக்கியத்துக்காக மென்னுக்கிட்டு இருந்தோம்.

சரி, நோட்டு கொண்டாந்திருக்கல்லா, குடு. என் மூக்குக்கண்ணாடி எங்க, ஆங், இந்தா. அரிசி, சரி. பருப்பு, சரி. ஆட்டுக்கு இவ்வளவா? சரி, வெலைவாசி அப்படி. இதென்னடே கடைசியில, "இதர செலவு 4,350"? இதரன்னா என்னது? பேரு இல்லாத செலவுக்குப் பேரு வச்சிருக்கியா? கொட்டை எழுத்துல இதை எழுதினா நாலாம் வீட்டுக்குத் தெரியுமே மருமவனே. உக்காரு, உக்காரு, எங்க எந்திரிக்க? பென்சிலை எடு. அந்த நாலாயிரத்து முன்னூத்தி அம்பதை ஒவ்வொண்ணாப் பிரிச்சுச் சொல்லு, கேப்போம்.